சுக்குக்குப் பதிலா இஞ்சின்னு எழுதாதீங்க – ரங்கூன்ல இருந்து ஒரு வாசகி

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நான் ரங்கூன்ல திங்கன்ஜூன் பக்கம் இருந்து எழுதறேன். யாங்கோன்னு பேர் மாறி ரொம்ப வருஷம் ஆச்சு ஆனா எங்க வீட்டுப் பேச்சுல இன்னும் ரங்கூன்தான். எங்க தாத்தா ராமநாதபுரம் பக்கத்துல இருந்து யுத்தத்துக்கு முன்னாடியே கப்பல் ஏறி வந்தவர், நான் பொறந்தது வளந்தது கல்யாணம் கட்டினது பேரன் பேத்தி எடுத்தது எல்லாமே இந்த ஊர்லதான். தமிழ் எழுதப் படிக்கக் கத்துக்கிட்டது கோயில்ல சாயங்காலம் நடந்த வகுப்புல. உங்க பேப்பரை என் மகன் போன்ல எடுத்துக் குடுத்ததுல இருந்து தினம் காலைல அடுப்புல உலை வச்சிட்டு முதல்ல அதைத்தான் பாக்கறேன், சமையல் பக்கம்னா ஒரு வரி விடாம படிப்பேன்.

போன மாசம் அந்தப் பக்கத்துல சுக்கு மல்லி காபி எழுதியிருந்தீங்க. படிச்சதும் சந்தோஷம்தான், ஆனா கடைசில "சுக்கு கிடைக்கலைன்னா இஞ்சி ஒரு துண்டு தட்டிப் போட்டுக்கலாம்"னு ஒரு வரி போட்டிருந்தீங்க பாருங்க, அதைப் படிச்சதுல இருந்து எனக்கு மனசு ஆறவே இல்ல. மேல தலைப்புல வேற சளிக்குக் கைகண்ட மருந்துன்னு போட்டுட்டீங்க. இந்த ரெண்டும்தான் நம்ம வீட்டு அடுப்படில இருந்து சுக்கை வெளிய தள்ளினது, ஒண்ணு இஞ்சி இருக்கே அது எதுக்குன்னு நினைக்கறது, இன்னொண்ணு அது மருந்து, சளி பிடிச்சா பாத்துக்கலாம்னு டப்பால போட்டு மேல் தட்டுல ஏத்தி வச்சிடறது. மேல் தட்டுக்குப் போன சாமான் கீழ வராது, அதுல வண்டு விழுந்த பிறகு குப்பைக்குத்தான் போகும். சுக்கு தினப்படி சமையல் சாமான், மிளகு சீரகம் இருக்கற அஞ்சறைப் பெட்டில அதுவும் இருக்கணும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், நீளமா போனா மன்னிச்சுக்கோங்க.

செடி ஒண்ணுதான், யார் இல்லைன்னது. ஆனா திராட்சையும் உலர்ந்த திராட்சையும் ஒண்ணாகுமா? இஞ்சியோட காரம் நாக்கு நுனில சுள்ளுன்னு பட்டு மூக்கு வழியா போயிடும், அதுல ஒரு எலுமிச்சை வாசனையும் பச்சை வாசனையும் இருக்கும். சுக்கு அப்படி இல்ல, வாய்ல வச்ச உடனே ஒண்ணும் தெரியாது, முழுங்கின பிறகு தொண்டைல மெதுவா இறங்கி நெஞ்சுல போய் உக்காந்து கதகதன்னு இருக்கும். என் மருமக மருந்துக் கடைல வேலை பாக்குற பொண்ணு, படிச்சவ, அவதான் எனக்கு இதை விளக்கிச் சொன்னா. இஞ்சில இருக்கற காரத்துக்குப் பேர் ஜிஞ்சராலாம், இஞ்சி காயும்போது அந்த ஜிஞ்சரால்ல இருந்து தண்ணியோட அம்சம் விலகிப்போய் அது ஷோகால்னு வேற பொருளா மாறுதாம், அது ஜிஞ்சராலை விட ரொம்ப காரம். ஜப்பான்காரங்க இஞ்சியை ஷோகான்னு சொல்வாங்களாம், அதுல இருந்து வச்ச பேராம் அது. பச்சை இஞ்சியை குழம்புல போட்டு கொதிக்க விட்டாலோ அது இன்னொரு வழில போய் காரம் குறைஞ்சு லேசா இனிப்பு தட்டற மாதிரி ஆகுதாம், அதுக்கு ஜிஞ்சரோன்னு பேராம். அப்ப ஒரே கிழங்கு மூணு விதமா ஆகுது பாருங்க, நம்ம பாட்டிமாருக்கு இந்தப் பேரெல்லாம் தெரியாது ஆனா எதுல இஞ்சி எதுல சுக்குன்னு மாத்திப் போட்டதே இல்ல.

நானே ரெண்டு வருஷமா வீட்ல சுக்கு போடறேன், அதையும் சொல்றேன். இங்க இஞ்சி ஷான் மலைப் பக்கம் இருந்து வருது, கலோ அவுங்பான்னு ஊர் இருக்கு, குளிர் காலத்துல அங்க இருந்து நல்லா முத்தின இஞ்சி இறங்கும். நட்டு எட்டு ஒம்பது மாசம் ஆன முத்தல்தான் சுக்குக்கு ஆகும், இளசை காயப் போட்டா சுருங்கி வெறும் தோல்தான் மிஞ்சும். போன ஜனவரில 3 வீசை வாங்கினேன். வீசைன்னதும் உங்களுக்கு ஆச்சரியமா இருக்கும், அங்க கிலோ வந்ததும் வீசை போயே போச்சு, இங்க மார்க்கெட்ல இன்னைக்கும் வீசைதான், பர்மாக்காரங்க பெய்தான்னு சொல்வாங்க, ஒரு வீசைன்னா 1.63 கிலோ, அதை நூறா பிரிச்சா ஒரு டிக்கல். வெள்ளைக்காரன் விஸ்னு எழுதி வச்சது நம்ம வீசைல இருந்து எடுத்ததுதான்.

அந்த 3 வீசையையும் ஒரு ராத்திரி தண்ணில ஊற வச்சு மறுநாள் காலைல மூங்கில் சிம்பால சுரண்டினேன். இரும்புக் கத்தி பட்டா கறுத்துப்போகும், அதோட கத்தியால சீவினா தோல் ஆழமா வந்துடும், இஞ்சியோட வாசனை எண்ணெய் எல்லாம் தோலுக்கு ஒட்டின மாதிரி கீழதான் இருக்கு, தோல் மட்டும் போகணும் அந்த எண்ணெய் போகக் கூடாது. அப்பறம் மாடில பாய் விரிச்சு காயப் போட்டு சாயங்காலம் ஆனா உள்ள எடுத்து வச்சு மறுபடி காலைல பரப்பி, பனி இறங்கறதுக்கு முன்னாடி எடுத்தாகணும். முதல் மூணு நாள் ஒண்ணுமே மாறின மாதிரி தெரியாது. நாலாம் நாள்ல இருந்து ஓரம் சுருங்கும், பத்து நாள் ஆச்சு முழுசா காய. ஒண்ணோட ஒண்ணு தட்டினா கூழாங்கல்லு மாதிரி டக்குனு சத்தம் வரணும், ஒடிச்சா வளையாம படக்குன்னு ஒடியணும், அதான் கணக்கு. இஞ்சில நூத்துக்கு 80 பங்கு தண்ணி, சுக்குன்னா பத்து பங்குக்கு மேல இருக்கக் கூடாது, அதனால அஞ்சுக்கு ஒண்ணுதான் தேறும். எனக்கு 60 டிக்கலுக்கு ஒரு கை கூட வந்துது. மழைக்காலத்துல இதெல்லாம் நடக்காது, இங்க மே மாசம் நடுவுல புடிச்சா அக்டோபர் வரைக்கும் விடாது, பாதி காஞ்ச இஞ்சி ஈரக் காத்துல பூஞ்சை புடிச்சிடும், அந்தப் பூஞ்சை உடம்புக்கு ஆகாது, கழுவிட்டு உபயோகிக்கலாம்னு யாரும் நினைக்கக் கூடாது, தூக்கித்தான் போடணும்.

எல்லாராலயும் காயப் போட முடியாது, வாங்கறவங்க பாத்து வாங்கணும். நான் வழக்கமா தெய்ங்ஜி ஜேல வாங்குவேன், பழைய ஆளுங்க சூரத்தி பஜார்னு சொல்வாங்க, அனோரத்தா ரோடு காளியம்மன் கோயிலுக்குப் பக்கத்துலயேதான். வேர் பட்டை கடுக்காய் எல்லாம் சாக்குல குமிச்சு வச்சிருப்பாங்க. ஜின்ச்சவ்னு பர்மீஸ்ல கேட்டாலும் குடுப்பாங்க, சோண்ட்னு இந்தில கேட்டாலும் குடுப்பாங்க, சுக்குன்னாலும் சில கடைல தெரியும். ஊசிமுனை மாதிரி ஓட்டை இருக்கற துண்டை எடுக்கவே கூடாது, உள்ள வண்டு குடைஞ்சு மாவா ஆக்கியிருக்கும்.

ரொம்ப வெள்ளையா இருக்கற சுக்கைப் பாத்து மயங்காதீங்க, அது சுண்ணாம்புத் தண்ணில முக்கி எடுத்தது. வண்டு விழாம இருக்க அப்படிச் செய்வாங்க, அது காலங்காலமா இருக்கற முறைதான், அதுல தப்பில்ல, ஆனா சுரண்டாம போடக் கூடாது. ஒரு தடவை வீட்ல மாரியம்மனுக்குக் கும்பிடறப்ப நாப்பது பேருக்கு சுக்கு காபி போடணும்னு வழக்கமான கடை பூட்டியிருந்ததால வேற ஒரு கடைல அவசரமா வாங்கினேன், நல்ல வெள்ளை, அப்படியே இடிச்சு அண்டால போட்டுட்டேன். குடிச்சவங்க ஒருத்தரும் வாய் திறந்து ஒண்ணும் சொல்லல ஆனா பாதி டம்ளர் அப்படியே நின்னுடுச்சு. நான் வாய்ல வச்சுப் பாத்தா சுவரை நக்கின மாதிரி சுண்ணாம்பு வாடை. அன்னைக்கு சாமிக்கு முன்னாடி நின்னு எனக்கு அழுகையே வந்துடுச்சு. "சுக்குக்குப் புறணி நஞ்சு, கடுக்காய்க்கு அகணி நஞ்சு"ன்னு (சுக்குக்கு மேல் தோலும் கடுக்காய்க்கு உள் கொட்டையும் ஆகாதுன்னு அர்த்தம்) அப்பத்தா சொல்லிச் சொல்லி வளத்தும் அந்த நேரத்துல புத்தி வேலை செய்யல. அதுல இருந்து ஒரு பழக்கம் வச்சிருக்கேன், வாங்கற கடைலயே ஒரு துண்டு மேல எலுமிச்சம்பழம் ஒரு சொட்டு புழிஞ்சு பாப்பேன், சுண்ணாம்பு இருந்தா பொடிப் பொடியா நுரைச்சுக்கிட்டு மேல வரும், கண்ணால பாக்கலாம். நுரைச்சா வாங்கக் கூடாதுன்னு இல்ல, வீட்டுக்கு வந்து நல்லா சுரண்டி கழுவி வெயில்ல காய வச்சுட்டு எடுத்துக்கலாம்.

பாக்கெட்ல வர சுக்குப் பொடி எனக்கு மனசுக்கு ஒப்பாது. இடிச்சு வச்சா நாளாக ஆக சுக்கோட வாசனை குறைஞ்சுக்கிட்டே போகும், பாக்கெட் எப்ப அரைச்சதுன்னு யாருக்குத் தெரியும். முழு சுக்கா வச்சுக்கிட்டு மாசத்துக்கு ஒரு தடவை ரெண்டு துண்டு மட்டும் இடிச்சுக்கணும். நேரா மிக்ஸில போடாதீங்க பிளேடு போயிடும், முதல்ல உரல்ல தட்டி நொறுக்கிட்டு அப்பறம் மிக்ஸி. சலிச்சா மேல நார் நிக்கும், அதை வீசிடாம குளிக்கற வெந்நில போட்டுக்கலாம், குடிக்கற தண்ணில போட்டு கொதிக்க வச்சாலும் நல்லாத்தான் இருக்கும்.

சுக்கு காபிக்கு நான் போடற கணக்கு இது. சுக்கு 50 கிராம்னா தனியா 100 கிராம், மிளகு ஒரு டீஸ்பூன், ஏலக்காய் ஆறு. தனியாவை மட்டும் வாசனை வர வரைக்கும் வெறும் சட்டில வறுக்கணும், கருகினா கசக்கும். எல்லாம் சேத்து கொரகொரன்னு பொடிச்சுக்கணும், நைசா ஆக்கினா வடிகட்டும்போது கலங்கி அடில சேறு மாதிரி நிக்கும். ரெண்டு டம்ளர் தண்ணிக்கு ஒரு டீஸ்பூன் குமிச்சுப் போட்டு ஒண்ணரை டம்ளரா வத்தணும், வத்தினாத்தான் அது சுக்கு காபி. வெல்லத்துக்கு எங்களுக்குக் குறையே இல்ல, பகான் மியிஞ்சான் பக்கம் எல்லாம் பனைமரக் காடு, அங்க இருந்து தன்ஞெ வருது, அதான் நம்ம கருப்பட்டி, நம்ம ஊர் பனையேதான் இங்கயும். நம்மூர்ல சிரட்டைல ஊத்தி எடுப்பாங்க, இங்க சின்னச் சின்ன உருண்டையா இருக்கும், பர்மாக்காரங்க சாப்பிட்டு முடிச்சதும் மிட்டாய் மாதிரி ஒண்ணு வாய்ல போட்டுக்குவாங்க. பால் வேணும்னா அடுப்பை அணைச்சு கொஞ்சம் ஆற விட்டு கடைசில ஊத்தணும், கருப்பட்டி சேத்துக் கொதிக்கறப்ப பால் ஊத்தினா திரிஞ்சுடும். உங்க குறிப்புல பாலும் வெல்லமும் சேத்து கொதிக்க விடுங்கன்னு இருந்துது, அதையும் திருத்திப் போடுங்க தயவு செஞ்சு, யாராவது செஞ்சு பாத்து திரிஞ்சு போய் சுக்கு காபியே வேணாம்னு விட்டுடுவாங்க.

இங்க பிள்ளைங்க எல்லாம் டீக்கடைல கண்டென்ஸ்டு பால் போட்ட லபெயேங்கற டீயும் காபிமிக்ஸ் பாக்கெட்டும் குடிச்சுப் பழகிடுச்சுங்க. என் பேரனும் அப்படித்தான் இருந்தான், நான் திட்டல, பள்ளிக்கூடம் விட்டு மழைல நனைஞ்சு வந்தப்ப ஒரு நாள் அரை டம்ளர் குடுத்தேன், மறுநாள் அவனே கேட்டான். ஜுரம் வந்தப்பதான் குடுக்கறதுன்னு வச்சிருந்தா அவனுக்கு சுக்குன்னா ஜுர ஞாபகம்தான் வந்திருக்கும். எனக்கு அப்படித்தான் கஷாயம்னா இன்னைக்கும் பிடிக்காது.

காபியை விடுங்க, நான் முக்கியமா சொல்ல வந்தது சாப்பாட்டுல சேக்கறதை. இங்க காலைல பெப்யோன்னு விப்பாங்க, முளை விட்ட பட்டாணியை வேக வச்சது, கூடைல வச்சு தெருவுல கூவிக்கிட்டு வருவாங்க, தமிழ் வீடு பர்மா வீடு எல்லா வீட்லயும் வாங்குவோம். சோத்துல போட்டு எண்ணெய் விட்டு வெங்காயம் சேத்து சாப்பிட ருசின்னா ருசி, ஆனா வயசானவங்களுக்கு வாயு. எங்க மாமியார் மோல்மீன்காரங்க, அவங்க அதுல ரெண்டு சிட்டிகை சுக்குப் பொடி உப்போட கலந்து தூவுவாங்க, நல்லெண்ணெய் விட்டு பிசைவாங்க. நானும் இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான். பெப்யோ வேறயா தெரியாது, அதே ருசிதான், ஆனா பத்து மணிக்கு வயிறு உப்பாது. கொண்டைக்கடலை சுண்டலா இருந்தாலும் மொச்சைக் குழம்பா இருந்தாலும் இறக்கற நேரத்துல ஒரு சிட்டிகை, கொதிக்கும்போதே போட்டா வாசனை ஆவியா போயிடும்.

சுடு சோத்துல நெய் விட்டு சுக்குப் பொடியும் உப்பும் போட்டு முதல் கவளம் சாப்பிடறது உங்க பக்கம் இன்னும் இருக்கும்னு நினைக்கறேன். மோருக்கு ஏப்ரல் வெயில்ல சுக்கும் பெருங்காயமும் கறிவேப்பிலையும். அதிரசத்துக்கு ஏலக்காயோட சுக்கு போடறது எல்லாருக்கும் தெரியும், பொரிவிளங்காய் உருண்டைக்கும் அதான் உயிர்.

உளுந்து பத்தி ஒண்ணு சொல்லணும். இங்க மாபென்னு சொல்ற உளுந்து இருக்கு பாருங்க, அது கப்பல் கப்பலா இந்தியாவுக்குத்தான் போகுது, வெளிநாட்டுல இருந்து இந்தியாவுக்கு வர உளுந்துல பெரும்பங்கு எங்க ஊர் உளுந்துதான். உங்க வீட்டு இட்லில எங்க மண்ணு கொஞ்சம் இருக்குன்னு நினைக்கும்போது எனக்குப் பெருமையா இருக்கும். அந்த உளுந்தை வறுத்து பொடிச்சு கருப்பட்டிப் பாகுல களி கிண்டி நல்லெண்ணெய் விட்டு சுக்கும் சேத்து, வயசுக்கு வந்த பொண்ணுக்குக் குடுக்கறது நம்ம வழக்கம். சுக்கு இல்லாம உளுந்தங்களி செஞ்சா அது மந்தமா வயித்துல கல்லு மாதிரி கிடக்கும், பொண்ணு ரெண்டாம் நாள் வேணாம்னு ஓடிடும். உளுந்தங்கஞ்சிக்கும் அதேதான், தேங்காய்ப்பால் ஊத்தி இறக்கும்போது சுக்கும் ஏலக்காயும். இதுக்கு இஞ்சி தட்டிப் போட்டுப் பாருங்க, வாய்ல வைக்க முடியாது, பாயசத்துல சட்னி விழுந்த மாதிரி இருக்கும்.

அதே மாதிரி சுக்கு போடக் கூடாத இடமும் இருக்கு. மொஹிங்கான்னு இங்க மீன் குழம்பு ஊத்தின நூடுல்ஸ் உண்டு, அதுக்கு மீன் வேக வைக்கறப்ப பச்சை இஞ்சியும் லெமன் கிராஸும்தான் மீன் வாடையை எடுக்கும், சுக்கு போட்டா மருந்துக் குழம்பு மாதிரி ஆயிடும். இஞ்சித் தோன்னு இங்க ஒண்ணு செய்வாங்க, இளசு இஞ்சியை ஊறப்போட்டு மெல்லிசா சீவி வறுத்த கடலை எள்ளு பூண்டு எலுமிச்சை எல்லாம் போட்டுப் பிசையறது, அது இஞ்சிக்குன்னே பொறந்த பதார்த்தம். கறிக்கு அரைக்கற மசாலாவுலயும் இஞ்சிதான். ஒண்ணு இருக்கற இடத்துல இன்னொண்ணு உக்கார முடியாதுன்னுதான் நான் சொல்றேன்.

சித்திரை மாசம்னா இங்க ரெண்டு கொண்டாட்டமும் சேந்து வரும், நம்ம வருஷப் பொறப்பும் பர்மாக்காரங்களோட திஞ்ஞான் தண்ணித் திருவிழாவும். நாலு நாளும் தெருவுல தண்ணி ஊத்திக்கிட்டு ஆட்டம் பாட்டம். வாசல்ல பானைல பானகம் வைப்பேன், தன்ஞெ கரைச்சு எலுமிச்சம்பழம் புழிஞ்சு சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு. நனைஞ்சு நடுங்கிக்கிட்டு வர பிள்ளைங்களுக்கு ஒரு டம்ளர் குடுத்தா சில்லுன்னு உள்ள போய் சூடா இறங்கும், பக்கத்து வீட்டு பர்மா அம்மா வருஷா வருஷம் ஜக்கை எடுத்துக்கிட்டு வந்துடுவாங்க. அவங்க வீட்ல அந்த நாள்ல மொன்லோன்யேபோ செய்வாங்க, அரிசி மாவு உருண்டைக்குள்ள ஒரு துண்டு தன்ஞெ வச்சு மூடி கொதிக்கற தண்ணில போடுவாங்க, வெந்ததும் மேல மிதக்கும், எடுத்து தேங்காய்ப்பூ தூவித் தருவாங்க, நம்ம கொழுக்கட்டைக்குத் தம்பின்னு வச்சுக்கோங்க. விளையாட்டுக்கு நடுவுல ஒண்ணு ரெண்டுல பச்சை மிளகாய் வச்சுடுவாங்க யார் வாய்ல படுதுன்னு பாக்க. அஞ்சாறு வருஷத்துக்கு முன்னாடி நான் அந்த தன்ஞெயோட ஒரு சிட்டிகை சுக்கும் ஏலக்காயும் வச்சுக் குடுத்தேன், அந்த அம்மா வாய்ல போட்டு மென்னுட்டு ஒண்ணும் பேசல, அடுத்த உருண்டையை எடுத்தாங்க. இப்ப எங்க சந்துல அவங்க வீட்லயும் அப்படித்தான் செய்யறாங்க, என்கிட்ட வந்துதான் சுக்குப் பொடி வாங்கிட்டுப் போறாங்க.

2020ல கொரோனா வந்தப்ப இந்தியால ஆயுஷ் அமைச்சகம் துளசி பட்டை மிளகு சுக்கு உலர்ந்த திராட்சை போட்டு கஷாயம் குடிங்கன்னு சொன்னாங்க இல்லையா, அந்த செய்தி போன்ல இங்கயும் வந்து எங்க ஆளுங்க எல்லாம் சுக்கைத் தேடி ஓடினாங்க, நாளைக்கு அஞ்சு தடவை குடிச்சு நெஞ்செரிச்சல்ல கிடந்தவங்களை நானே பாத்தேன். பயம் போனதும் சுக்கும் போச்சு. அதனாலதான் மருந்துன்னு தலைப்பு போடாதீங்கன்னு கேக்கறேன். குமட்டலுக்கு இஞ்சி கேக்கும்னு ஆராய்ச்சி பண்ணினவங்களே சொல்றாங்க, சரி, ஆனா அதை வச்சு எல்லா வியாதியும் போகும்னு எழுதறது நியாயமில்ல. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அரை டீஸ்பூன் போதும், நான் அதுக்கு மேல போறதில்ல. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க, பித்தப்பைல கல்லு இருக்கறவங்க, மாசமா இருக்கற பொண்ணுங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் தினம் எடுத்துக்கணும், இதையும் உங்க குறிப்புல ஒரு வரி போட்டிருக்கலாம்.

இன்னொண்ணு, எங்களுக்கு இங்க கரண்ட் அடிக்கடி போயிடும், ஃபிரிட்ஜை நம்பி காய்கறி வாங்கி வைக்க முடியாது, மழைக்காலத்துல இஞ்சி மூணு நாள்ல முளை விடும் இல்ல அழுகும். சுக்கு அப்படி இல்ல, நல்லா காஞ்சது காத்து புகாத பாட்டில்ல ஒரு வருஷம் இருக்கும், நடுவுல ரெண்டு தடவை வெயில் காட்டினா போதும்.

இந்தத் திருத்தங்களோட இன்னொரு உதவியும் உங்ககிட்ட கேக்கணும் ஐயா, அதுக்குத்தான் இவ்வளவு நாள் தயங்கிட்டு இன்னைக்கு உக்காந்து எழுதறேன்.

என்கிட்ட இருக்கற இடி உரல் இரும்பு, ஒரு முழ உயரம், அது எங்க அப்பாவோட தங்கச்சி, எங்க அத்தையோடது. 1964ல கடை கண்ணியெல்லாம் சர்க்கார் எடுத்துக்கிட்டப்பறம் நம்ம ஜனங்க கப்பல் கப்பலா மெட்ராசுக்குக் கிளம்பினாங்க இல்லையா, அதுல 1965ல அத்தையும் போயிட்டாங்க. கையில என்ன எடுத்துட்டுப் போகலாம் எதை எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு கெடுபிடி, அந்த கனத்தை எங்க தூக்கறதுன்னு உரலை எங்க அம்மாகிட்ட விட்டுட்டுப் போனாங்க, உலக்கையை மட்டும் ஏனோ எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்கன்னு அம்மா சொல்வாங்க, இப்ப இருக்கற உலக்கை நாங்க பின்னால செஞ்சது. உரலோட உள்பக்கம் ஒரு ஓரம் மட்டும் வழவழன்னு தேஞ்சிருக்கும், அத்தை இடது கைக்காரங்களாம்.

அத்தை அதுல சுக்கை இடிச்சு தன்ஞெப் பாகுல போட்டு ஒரு மிட்டாய் செய்வாங்களாம். இஞ்சி மரப்பா இல்ல, அது சீனில செய்யறது எனக்குத் தெரியும். இது கருப்பா, ஒடிச்சா கண்ணாடி மாதிரி ஒடியும், வாய்ல போட்டா ஒட்டாதாம். அப்பா சாகற வரைக்கும் அதைப் பத்தி சொல்லிக்கிட்டே இருந்தார். நான் மூணு தடவை செஞ்சு பாத்துட்டேன், ஒரு தடவை ஜவ்வு மாதிரி இழுத்துது, ஒரு தடவை கருகிப்போச்சு, ஒரு தடவை நல்லா உடைஞ்சுது ஆனா மறுநாள் காத்துல ஈரம் புடிச்சு தட்டோட ஒட்டிக்கிச்சு. பாகு பதம் தப்பா இல்ல எலுமிச்சம்பழம் ஏதாவது விடணுமா, சுக்குப் பொடியை எப்ப சேக்கணும், எனக்குப் புரியல.

உங்க பேப்பரை வியாசர்பாடிலயும் மத்த ஊர் பர்மா காலனிங்கள்லயும் நிறைய பேர் படிப்பாங்க. இங்க இருந்து போன குடும்பத்துல யாருக்காவது, அவங்க அம்மா பாட்டி யாராவது இந்த மிட்டாய் செஞ்சு பாத்த ஞாபகம் இருந்தா, பாகு எந்தப் பதத்துல இறக்கறதுன்னு மட்டும் உங்களுக்கு ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்க. நீங்க சமையல் பக்கத்துல போட்டா நான் இங்க போன்ல பாத்துக்கறேன். ஜனவரில புது இஞ்சி வந்ததும் காயப் போட்டுடுவேன், பிப்ரவரிக்குள்ள சுக்கு ரெடியா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திங்கன்ஜூன், ரங்கூன்.